பையன் பொய் சொல்லவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் கணவரும் பிரிந்து வாழ்கிறோம். மகனுக்குப் பதினோரு வயது. வரும் ஆண்டு பள்ளி மாற்றியாக வேண்டும். அவர் வீட்டுப் பக்கம் ஒரு பெரிய பள்ளி. நுழைவுத்தேர்வுப் பயிற்சியும் அங்கேயே உண்டு, அதுதான் சரி என்கிறார். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள சின்னப் பள்ளியே போதும் என்கிறேன் நான். பையன் என்னிடம் "நீ சொல்ற ஸ்கூல்தான்மா பிடிச்சிருக்கு" என்கிறான். அதே வாரம் அப்பாவிடம் அவர் சொன்ன பள்ளிதான் பிடித்திருக்கிறது என்றிருக்கிறான். பொய் சொல்லப் பழகிவிட்டானோ என்று பயமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவன் பொய் சொல்லவில்லை. "எந்த ஸ்கூல் வேணும்?" என்று நீங்கள் கேட்டால் "அம்மா வேணுமா, அப்பா வேணுமா?" என்றுதான் அவன் காதில் விழும். கேட்டவர் முகம் வாடாதபடி பதில் சொல்லிவிடுகிறான். "அப்பாகிட்ட ஏன் அப்படிச் சொன்னே?" என்று மட்டும் குடையாதீர்கள்.

அதற்காக அவனைக் கேட்கவே வேண்டாம் என்றில்லை. ஐ.நா. 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தை கருத்துச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி அதை மதிக்க வேண்டும் என்கிறது. தீர்ப்பையும் அதன் தலையில் கட்டச் சொல்லவில்லை. பள்ளியின் பெயரை எடுக்காமல் பேச்சுக் கொடுங்கள். மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், எந்தப் பாடவேளை வந்தால் வயிற்றைக் கலக்குகிறது, இப்போதிருக்கும் நண்பர்களில் யார் எங்கே சேரப்போகிறார்கள். இப்போதைய வகுப்பாசிரியரையும் கேட்கலாம். உங்கள் சண்டையில் அவருக்குப் பங்கில்லை.

இனி உங்கள் இருவர் விஷயம். கடிதத்தில் பாடத்தைவிட "அவர் வீடு", "என் வீடு"தான் பெரிதாகத் தெரிகிறது. பள்ளி எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே பையன் போய்விடுவான் என்ற பயம் இருவருக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் எந்த நாள் யார் வீட்டில் என்பதை முதலில் பேசி முடியுங்கள். பிறகு ஒரு சாதாரணப் பள்ளி நாளை ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுப்புவது, யார் கொண்டுவிடுவது, சாயங்காலம் வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள், நடுவில் காய்ச்சல் வந்தால் யார் ஓடுவது. பெரும்பாலும் அந்தத் தாளிலேயே விடை கிடைத்துவிடும்.

என்னைக் கேட்டால், பதினோரு வயதில் நுழைவுத்தேர்வுப் பயிற்சி ஒரு காரணமே இல்லை. ஆனால் வாரத்தில் பாதி நாள் அவன் அப்பா வீட்டில்தான் என்றால், நடந்து போகிற தூரம் என்ற உங்கள் வாதமும் பாதிதான் நிற்கும்.

ஒத்துவராவிட்டால் இருவரும் மதிக்கும் ஒருவரை வைத்துப் பேசுங்கள். நீதிமன்றம் கடைசி வழி. வழக்கு முடியும்வரை அட்மிஷன் தேதி காத்திருக்காது. எது முடிவானாலும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, "நாங்க முடிவு பண்ணிட்டோம்" என்று அவனிடம் சொல்லுங்கள். சேர்க்கைப் படிவத்தில் இருவருடைய தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். மதிப்பெண் அறிக்கையும் இருவருக்கும் வரும்படி பள்ளியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.