வால்ட்ஹைம் மறைத்த மூன்று வருடங்கள்

கேள்வி: சென்ற இதழில் ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் குர்ட் வால்ட்ஹைமை, ‘போர்க்கால வாழ்க்கையை மறைத்துப் பொய் சொன்னவர்’ என்று எழுதியிருந்தீர்கள். மேலிடம் சொன்னதைச் செய்த ஒரு சாதாரண ராணுவ அதிகாரி அவர். நாற்பது வருடம் கழித்து, 1986ல் ஆஸ்திரிய ஜனாதிபதித் தேர்தலில் அவர் நின்ற நேரம் பார்த்து, வெளிநாட்டு அமைப்புகள் அவரை வேட்டையாடின. வரலாற்றாசிரியர்களின் சர்வதேசக் குழுவே அவர் குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டது. எழுதியதைத் திரும்பப் பெறுவீர்களா? இதையெல்லாம் கிளறி ஆஸ்திரியாவுக்குத்தான் என்ன நன்மை?
– வாசகர், திருச்சி

பதில்: திரும்பப் பெற மாட்டோம்.

அவர் போர்க்குற்றவாளி என்று நாங்கள் எழுதவில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது. அவர் பொய் சொன்னார் என்றுதான் எழுதினோம். அதற்கு அவருடைய சொந்தப் புத்தகமே ஆதாரம். 1985ல் வந்த சுயசரிதையில், 1941ல் ரஷ்யப் போர்முனையில் காயம்பட்டதையும், அதன்பின் களத்துக்குத் தகுதியற்றவராகி வியன்னாவில் சட்டம் படிக்கத் திரும்பியதையும் சொல்கிறார். காயம் உண்மை. படிப்பும் உண்மை, 1944ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் 1942 வசந்த காலத்திலிருந்து போர் முடியும்வரை, படிப்புக்கும் சிகிச்சைக்கும் எடுத்த விடுப்புகள் போக, அவர் பால்கன் நாடுகளில் ஜெர்மன் ராணுவத்தில் வேலை பார்த்தார். பொஸ்னியா, மான்டிநீக்ரோ, அல்பேனியா, கிரீஸின் ஏதென்ஸ், தெசலோனிக்கி. கிட்டத்தட்ட மூன்று வருடங்கள் புத்தகத்திலிருந்து காணாமல் போயின.

அவை மறுபடி வெளிவந்தது 1986 மார்ச்சில். அப்போது வெளியான ஒரு புகைப்படத்தைப் பல வாசகர்கள் பார்த்திருக்கக்கூடும். 1943 மே 22, மான்டிநீக்ரோவின் பொத்கோரிசா விமானத்தளம். நெட்டையான, ஒல்லியான ஓர் இளம் லெப்டினன்ட் அதிகாரிகளோடு நிற்கிறார். அவர்தான் வால்ட்ஹைம். பக்கத்தில் ஓர் இத்தாலிய ஜெனரல். கூடவே நாஜிக் கட்சியின் ஆயுதப்படையான எஸ்.எஸ்.ஸின் ‘பிரின்ஸ் ஆய்கன்’ டிவிஷன் தளபதி ஆர்ட்டூர் ஃபிளெப்ஸ். யுகோஸ்லாவியக் கிராமங்களை எரித்ததற்குப் பேர்போன டிவிஷன் அது. தான் வெறும் மொழிபெயர்ப்பாளராக நின்றேன் என்றார் வால்ட்ஹைம். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்த வருடங்களில் வியன்னாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்ததாக எழுதிய மனிதர் மான்டிநீக்ரோவில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது எப்படி?

உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர்மீது குற்றம் சாட்டிய வெளிநாட்டு அமைப்பான உலக யூதக் காங்கிரஸ் அன்று சொன்ன எல்லாவற்றுக்கும் ஆவண ஆதாரம் இல்லை. தெசலோனிக்கியிலிருந்து யூதர்கள் நாடுகடத்தப்பட்டதில் அவரைக் கோத்துப் பேசினார்கள். 1943 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை 45,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து ரயிலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாம். அந்த மாதங்களில் அவர் பெரும்பாலும் அல்பேனியாவிலும் ஏதென்ஸிலும் இருந்தார். அதேபோல, 1947ல் யுகோஸ்லாவியா ஐ.நா. போர்க்குற்ற ஆணையத்திடம் கொடுத்த கோப்பில் அவர் பெயர் இருந்தது. அந்தச் சாட்சியங்கள் பலவீனமானவை. ஆஸ்திரியாவோடு எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த நேரம் வேறு. அதை வைத்து ஒருவரைத் தூக்கில் போட முடியாது, போடவும் கூடாது.

ஆனால் இதற்கு மேல் உங்களோடு வர எங்களால் முடியாது. 1943 இலையுதிர் காலத்தில் அவர் தெசலோனிக்கியை ஒட்டிய மலைக்கிராமமான அர்சக்லியில், ஜெனரல் அலெக்ஸாண்டர் லோரின் ராணுவத் தொகுதித் தலைமையகத்துக்கு வந்து சேர்ந்தார். தெசலோனிக்கியில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவராக இருந்த யூதச் சமூகம் அதற்குள் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய இடுகாட்டை உடைத்து, கல்லறைக் கற்களை நடைபாதைக்கும் கட்டடங்களுக்கும் போட்டிருந்தார்கள். அடுத்த வருடம் கிரீஸின் மற்ற பகுதிகளான இயோனினா, கோர்ஃபு, ரோட்ஸ் யூதர்களும் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தத் தலைமையகத்தில் உளவுப் பிரிவு அதிகாரியாக இருந்தவர், இதைப் பற்றி 1986ல்தான் கேள்விப்பட்டேன் என்றார். எதிரியின் ஒவ்வொரு அசைவையும் சேகரித்து மேலதிகாரிகளுக்குச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கிய ஆள் அவர். அவர் சொன்னதை நம்ப எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

‘சாதாரண அதிகாரி’ என்கிறீர்கள். பதவியில் சின்னவர்தான், வெறும் லெப்டினன்ட். ஆனால் தலைமையகத்தில் நாற்காலி எங்கே போடப்பட்டிருந்தது என்றும் பார்க்க வேண்டும். பிரிவுகளிலிருந்து வரும் தகவல்கள், கைதிகளின் விசாரணை அறிக்கைகள் எல்லாம் அவர் மேஜைக்கு வந்தன. அவற்றைச் சுருக்கி நிலவர அறிக்கை தயாரிப்பது, கூட்டத்தில் மேலதிகாரிகளுக்கு விளக்குவது, தாளின் ஓரத்தில் சுருக்கொப்பம் இடுவது அவர் வேலை. 1943 ஆகஸ்டில் ஏதென்ஸில் அவர் எழுதிவந்த போர் நாட்குறிப்பைப் பாருங்கள். சண்டையில் பிடிபடும் ‘கொள்ளையரை’ (கெரில்லாக்களை அப்படித்தான் அழைத்தார்கள்) சுட்டுவிட வேண்டும் என்ற ஹிட்லரின் உத்தரவுப்படி முதலாம் மலைப்படை டிவிஷனுக்கு அறிவுறுத்தல் போவது 8ஆம் தேதிப் பதிவாக இருக்கிறது. 16ஆம் தேதி அதே டிவிஷனின் வீரர்கள் கொம்மேனோ என்ற கிரேக்கக் கிராமத்துக்குள் விடியற்காலையில் நுழைந்தார்கள். 317 பேர் கொல்லப்பட்டார்கள், கைக்குழந்தைகள் உட்பட. அந்த உத்தரவைப் போட்டவர் வால்ட்ஹைம் அல்ல. கொம்மேனோவைக் குறிவைத்தவரும் அவரல்ல. ஆனால் எந்த மாதிரிப் போரில் தான் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அவருடைய ஆதரவாளர்கள் விரும்பி எடுத்துக்காட்டும் தாள் ஒன்று உண்டு. 1944 மே 25 தேதியிட்ட அறிக்கை. நிலைமையைச் சரியாக ஆராயாமல் எடுக்கப்படும் அளவுமீறிய பழிவாங்கல் நடவடிக்கைகள் மக்களிடம் கசப்பைத்தான் வளர்க்கின்றன, கெரில்லாக்களுக்கே அது லாபம் என்ற கருத்து அதில் இருக்கிறது. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதியதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் இதே தாள்தான் அவருடைய பிந்தைய வாதத்தைக் கவிழ்க்கிறது. பழிவாங்கல் கொலைகளைப் பற்றி ஒன்றும் அறியாதவர் அவற்றின் விளைவை எப்படி எடைபோட்டார்? 1986ல் அவர் இந்த அறிக்கையைக் கையில் எடுத்து, “நான் அங்கே இருந்தேன், இதையெல்லாம் பார்த்தேன், இவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது” என்று சொல்லியிருந்தால் நம் கேள்வி-பதிலுக்கே அவசியம் இருந்திருக்காது. அவர் சொன்னதோ, லட்சக்கணக்கான ஆஸ்திரியர்களைப் போலத் தானும் கடமையைச் செய்ததாக.

இப்போது அந்தக் குழு. சுவிஸ் வரலாற்றாசிரியர் ஹான்ஸ் ருடால்ஃப் குர்ஸ் தலைமையில் அமைந்தது. அதைக் கேட்டு வாங்கியதே ஆஸ்திரியத் தரப்புதான். 1988 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. நேரடியாகப் போர்க்குற்றம் செய்ததற்குச் சான்றில்லை என்றது. நீங்கள் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டீர்கள். அதே அறிக்கை, அவர் இரண்டாம்தர எழுத்தர் அல்ல, நடந்தவற்றை நன்கு அறிந்திருந்தவர் என்கிறது. அவர் சொன்ன கதை பல இடங்களில் குழு கண்டுபிடித்தவற்றோடு ஒத்துப்போகவில்லை என்கிறது. தன் ராணுவ வாழ்க்கையை மறதியில் தள்ளப் பார்த்தார், அது முடியாமல் போனபோது அதை அபாயமில்லாததாகக் காட்டப் பார்த்தார் என்கிறது. ‘குற்றமற்றவர்’ என்ற சான்றிதழ் அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது அவருடைய பதவி. 1972 முதல் 1981 வரை பத்து வருடம் ஐ.நா. பொதுச்செயலாளர். உலக மனசாட்சி என்று ஏதாவது ஒரு நாற்காலியைச் சொல்லலாம் என்றால் அது அதுதான். போர்க்குற்ற ஆணையத்தின் கோப்புகள் நியூயார்க்கில், அவர் தலைமை வகித்த அமைப்பின் காப்பகத்திலேயே கிடந்தன. அகதிகளைப் பற்றியும் மனித உரிமையைப் பற்றியும் நாடுகளிடம் பேச வேண்டியவர், தன்னைப் பற்றி மட்டும் ஒரு துப்புரவான கதையை வைத்துக்கொண்டு பேசினார். வாக்களித்த வல்லரசுகளும் தோண்டிப் பார்க்கவில்லை. அந்தப் பழி அவருக்கு மட்டும் உரியதல்ல.

‘வெளிநாட்டு வேட்டை’ என்ற சொல்லை அவருடைய 1986 பிரசாரமே முன்வைத்தது, பலனும் கிடைத்தது. ஜூன் 8 இரண்டாம் சுற்றில் 53.9 சதவீத வாக்கு வாங்கி ஜனாதிபதியானார். மறுவருடம் ஏப்ரலில் அமெரிக்கா அவரைத் தன் நாட்டுக்குள் வரக்கூடாதவர்கள் பட்டியலில் சேர்த்தது. 2007ல் இறக்கும்வரை அந்தத் தடை நீங்கவில்லை. ஆனால் அவருடைய ராணுவக் கோப்பைத் தேடி எடுத்து முதலில் அச்சில் போட்டது வியன்னாவின் ‘ப்ரோஃபீல்’ பத்திரிகை. எழுதியவர் ஹூபெர்ட்டுஸ் செர்னின், ஆஸ்திரியர். வியன்னாத் தெருக்களில் எதிர்ப்பைக் காட்டியவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான்.

நன்மை என்ன என்று கேட்டீர்கள். ஆஸ்திரியாவை ஹிட்லரின் ஆக்கிரமிப்புக்கு முதலில் பலியான நாடு என்று நேசநாடுகள் 1943ல் மாஸ்கோ பிரகடனத்தில் சொல்லியிருந்தன. அந்த ஒரு வரியின் நிழலில் நாடு நாற்பது வருடம் ஒதுங்கி நின்றது. தங்கள் அப்பாக்கள் கிரீஸிலும் யுகோஸ்லாவியாவிலும் என்ன செய்தார்கள் என்று பிள்ளைகள் வீட்டிலேயே கேட்க ஆரம்பித்தது வால்ட்ஹைம் விவகாரத்துக்குப் பின்தான். 1991 ஜூலையில் பிரதமர் ஃபிரான்ஸ் விரானிட்ஸ்கி, நாஜிக் குற்றங்களில் ஆஸ்திரியர்களுக்கும் பங்கு உண்டு என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 1995ல் பாதிக்கப்பட்டவர்களுக்கான தேசிய நிதியம் அமைந்தது. ஐம்பது வருடமாக வியன்னாவிலிருந்து ஒரு கடிதம்கூட வராதவர்களுக்கு அப்போதுதான் கடிதங்கள் போயின.