அறுவை அரங்கில் முதல் மாதங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான் அறுவை அரங்கத் தொழில்நுட்பம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. சென்ற வாரம் ஒரு குடலிறக்க அறுவைச் சிகிச்சையில், ஸ்க்ரப் செய்து (கிருமிநாசினியால் கைகளைத் தேய்த்துக் கழுவி) கவுன் அணிந்து, மூத்தவருக்கு உதவியாக நின்றேன். கருவி மேசையை விட்டு நகரும்போது என் முழங்கை பின்னால் இருந்த சலைன் ஸ்டாண்டில் பட்டுவிட்டது. ஒருவரும் பார்க்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். கவுன் மாற்றச் சில நிமிடங்கள் ஆனதில் அறுவை மருத்துவர் கோபப்பட்டார். உடன் படிப்பவர்களோ, "பேசாமல் இருந்திருக்கலாமே" என்கிறார்கள். நான் செய்தது தவறா, அம்மா?

பதில்: தவறே இல்லை. உங்களுடைய இந்த மாதப் பயிற்சியில் இதைவிடப் பெரிய தேர்ச்சி வேறு இருக்காது என்றுகூட நான் சொல்வேன்.

முதலில், உங்கள் கணிப்பு சரியானதுதானா என்று பார்ப்போம். கவுன் முழுவதும் ஸ்டெரைல், அதாவது கிருமியற்றது, என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முன்பக்கத்தில் மார்பிலிருந்து மேசை மட்டம் வரையும், கைகளில் முழங்கைக்கு இரண்டு அங்குலம் மேல்வரையும் உள்ள பகுதி மட்டுமே அவ்வாறு கருதப்படும். முதுகு, தோள், கழுத்து, அக்குள், மேசை மட்டத்திற்குக் கீழே உள்ள பகுதி ஆகியவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மணிக்கட்டில் உள்ள பின்னல் பட்டையையும் கையுறை மூடியே இருக்க வேண்டும். உங்கள் முழங்கை அந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஆகவே கவுனை மாற்றியே ஆக வேண்டும்.

சொல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் தோழிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவேளை ஒன்றுமே நடந்திருக்காது. அப்படியல்லாமல் தொற்று வந்திருந்தால், அது அந்த மேசையில் தெரிந்திருக்காது. அறுவைக் காயத் தொற்றை 30 நாட்கள் வரையிலும், உடலுக்குள் செயற்கைப் பொருள் பொருத்திய சில சிகிச்சைகளில் 90 நாட்கள் வரையிலும் கண்காணிக்கிறார்கள். நோயாளி வீடு திரும்பிய பிறகு தையல் சிவந்து சீழ் கோத்தால், அதற்கும் உங்கள் முழங்கைக்கும் உள்ள தொடர்பை உலகில் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. நடந்ததற்கு ஒரே சாட்சி நீங்கள்தான். அந்தச் சாட்சி பேசாவிட்டால், மயக்கத்தில் கிடக்கும் மனிதருக்காகப் பேச அந்த அறையில் வேறு ஆளில்லை.

சொல்லும் விதத்திலும் ஒரு பழக்கம் வேண்டும். முதலில் மேசையிலிருந்து ஓரடி விலகுங்கள். கைகளை மார்பு மட்டத்திலேயே வைத்து, எதையும் தொடாமல் நில்லுங்கள். "என் வலது முழங்கை ஸ்டாண்டில் பட்டுவிட்டது, கவுன் மாற்ற வேண்டும்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். காரணமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பட்ட பிறகு எதையாவது தொட்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கற்பிக்கும் நிலையில் இருக்கும் மருத்துவர்களிடமும் மூத்த பணியாளர்களிடமும் ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உண்மையைச் சொன்ன மாணவியின் மீது நீங்கள் காட்டும் ஒரு நிமிடக் கோபத்தை, அதே அறையில் நிற்கும் மற்ற மாணவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

கேள்வி: கருவிகளின் பெயர்களெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் மருத்துவர் கேட்டு முடித்த பிறகுதான் என் கை நகர்கிறது. வேகத்தை எப்படிக் கூட்டுவது?

பதில்: உங்கள் கை தாமதிக்கவில்லை, பார்வை கருவி மேசையிலேயே தங்கிவிடுகிறது. கண்ணைக் காயத்தின் மேல் வையுங்கள். முந்தைய நாளே அந்த அறுவைச் சிகிச்சையின் படிகளைப் படித்து, தோல், கொழுப்பு, தசையுறை, வயிற்றின் உள்ளுறை என்று திறக்கும் வரிசையையும், மூடும்போது அது தலைகீழாவதையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு படிக்கும் எதிரே கருவியைக் குறித்துக்கொள்ளுங்கள். கத்தி இறங்கினால் இரத்தம் கசியும், ஆகவே அடுத்து இரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸோ, மின்சூட்டால் கசிவை நிறுத்தும் டயதெர்மியோ தேவைப்படும். முடிச்சுப் போட்டால் அடுத்தது கத்தரிக்கோல். இந்த ஓட்டம் பிடிபட்டுவிட்டால், கேட்பதற்கு முன்பே கருவி உங்கள் கையில் இருக்கும்.

தையல் ஊசியைக் கொடுப்பதை மட்டும் தனியாகப் பழகுங்கள். ஊசியைக் கவ்வும் கருவியான நீடில் ஹோல்டரின் நுனியால், நூல் பொருந்தியிருக்கும் முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொலைவில் ஊசியைப் பிடியுங்கள். நூல் பொருந்திய இடத்திலேயே பிடித்தால் ஊசி வளையும் அல்லது ஒடியும். கைப்பிடி மருத்துவரின் உள்ளங்கையில் அழுத்தமாகப் பதிய வேண்டும். காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவரால் தைக்கத் தொடங்க முடிய வேண்டும். நூலின் வால் அவர் கைக்குள் சிக்காதபடி மறுகையால் அதை விலக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கத்தி விஷயத்தில் வேகமே வேண்டாம். பிளேடை விரலால் மாட்டாதீர்கள், கழற்றவும் செய்யாதீர்கள். அதற்குக் கருவியைப் பயன்படுத்துங்கள். 10, 11, 15 எண் பிளேடுகள் 3ஆம் எண் கைப்பிடிக்கும், 20 முதல் 24 வரையுள்ளவை 4ஆம் எண் கைப்பிடிக்கும் பொருந்தும் என்பது நினைவில் இருந்தால் தடுமாற்றம் பாதி குறையும். கைக்குக் கை கொடுக்காமல், இருவருக்கும் நடுவில் ஒரு சிறு தட்டில் வைத்து "கத்தி" என்று சொல்லி நகர்த்துவதே பாதுகாப்பு.

கேள்வி: என் மகள் பயிற்சியின் மூன்றாம் நாளே அரங்கில் மயங்கி விழுந்துவிட்டாள். இந்தப் படிப்புக்கு அவள் ஏற்றவள்தானா?

பதில்: அதை வைத்து அவளைத் தகுதியற்றவள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அசையாமல் வெகுநேரம் நிற்பது, முகக்கவசத்துக்குள் வெக்கை, வெறும் வயிறு, முதன்முதலாக இரத்தம் காண்பது எல்லாம் சேர்ந்தால் நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கும் இது நேரும். சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நிற்கும்போது கெண்டைக்கால் தசைகளை அவ்வப்போது இறுக்கித் தளர்த்தட்டும். கண் இருட்டத் தொடங்கியதும் "எனக்கு மயக்கம் வருகிறது" என்று சொல்லி, மேசையிலிருந்து பின்வாங்கித் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். மறுபடி மறுபடி நேர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இரத்தம் ஒற்றும் காஸ் துணி, பெரிய மாப் துணி, ஊசி எல்லாவற்றையும் மூத்தவர் எண்ணி எழுதிய பிறகும், என் பயிற்சியாளர் என்னையும் உரக்க எண்ண வைக்கிறார். இது மாணவர்களுக்கான தண்டனையா?

பதில்: தண்டனையில்லை; எண்ணுவதே அப்படித்தான். ஸ்க்ரப் செய்தவரும், ஸ்க்ரப் செய்யாமல் அரங்கில் சுற்றி உதவும் செவிலியரும் இருவருமாகப் பார்த்து, வாய்விட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ண வேண்டும். தொடங்குமுன் ஒரு முறை, வயிறு போன்ற உட்குழியை மூடுமுன் ஒரு முறை, தோலைத் தைக்கும்போது ஒரு முறை, இடையில் ஆள் மாறினால் அப்போதும் ஒரு முறை. பத்து என்று அச்சிட்ட காஸ் கட்டுக்குள் ஒன்பதும் இருக்கலாம், பதினொன்றும் இருக்கலாம். ஆகவே கட்டின் மேல் உள்ள எண்ணை நம்பாதீர்கள். இரத்தத்தில் ஊறிய காஸ் குடலோடு குடலாக ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாது. எக்ஸ்ரேயில் தெரியும் இழை கொண்ட காஸைத் தவிர வேறெதையும் காயத்துக்குள் வைக்கக் கூடாது என்பது அதனால்தான்.

என் மாணவப் பருவத்தில் ஒரு நாள் கடைசி எண்ணிக்கையில் ஒரு காஸ் குறைந்தது. நான் தவறாக எண்ணியிருப்பேன் என்று நினைத்துச் சொல்லத் தயங்கினேன். ஏறக்குறைய ஒரு நிமிடம் வீணாயிற்று. பிறகு சொன்னேன். தையல் நின்றது, தேடினோம். விரிப்பின் மடிப்புக்குள் சுருண்டு கிடந்தது. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு பதறுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலின் 19 அம்சங்களில், நோயாளி அரங்கை விட்டுப் போகுமுன் எண்ணிக்கை சரியென்று வாய்விட்டு உறுதிசெய்வதும் ஒன்று. எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும் குறைந்ததாக அது காட்டியது. தோலை வெட்டுமுன் அறையில் உள்ள எல்லோரும் பெயரையும் பொறுப்பையும் சொல்லிக்கொள்வதும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் முறை வரும்போது முணுமுணுக்காமல், "மாணவர்" என்பதையும் சேர்த்துத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு முறை வாய் திறந்தவருக்கு அடுத்த முறை திறப்பது எளிது.

எண்ணிக்கை குறைந்தால் மறுபடி எண்ணிவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். "ஒரு காஸ் குறைகிறது" என்று உடனே சொல்லிவிட்டு எண்ணுங்கள். காயம், விரிப்புகள், தரை, குப்பைக் கூடை என்று எல்லா இடங்களிலும் தேடிய பிறகும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதனால் கணக்கு முடியும்வரை ஒரு குப்பைப் பையைக்கூட அறையை விட்டு வெளியே போக விடாதீர்கள்.