மறுபடியும் கிளிப் போடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. 14 வயதில் தெத்துப்பல்லுக்காகக் கிளிப் போட்டேன், பல் வரிசையானது. கழற்றியதும், பல் மறுபடி நகராமல் இருக்கக் கொடுத்த ரீடெய்னரை ஒரு வருடம்கூடப் போடவில்லை. இப்போது கீழே முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. மேல் கோரைப்பல்லும் லேசாகத் திரும்பியிருக்கிறது. இந்த வயதில் பல் நகருமா? கம்பி நல்லதா, பல்லின்மேல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் நல்லதா?

பதில்: நகரும். ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் 50 வயதிலும் நகரும். பல் எலும்பில் அடித்த ஆணி இல்லை. வேரைச் சுற்றி, கால் மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தால், அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரைந்து வழிவிடும். மறுபக்கத்தில் புதிதாக வளரும். மாதத்துக்கு 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம். அவசரப்பட்டு அதிகமாக இறுக்கினால் வேரின் நுனி கரையக்கூடும். அதனால் முதலில் எக்ஸ்ரே எடுத்து, ஈறில் நோய் இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே மற்றதெல்லாம்.

உங்களுக்குக் கம்பியும் ஒத்துவரலாம், அலைனரும் ஒத்துவரலாம். வாயைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அலைனரை நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் உங்களால் போட முடியுமா? சாப்பிடும்போதும், தண்ணீர் தவிர வேறு எதைக் குடிக்கும்போதும் கழற்ற வேண்டும். பல் துலக்கிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். அலைனர் என்பது வரிசையாக மாற்றிப் போடும் பல தட்டுகள்; ஒரு தட்டு பல்லைக் கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும். ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்த தட்டு.

போன மாதம் ஒருவர் 12-வது தட்டோடு வந்தார். கையில் கண்ணாடியைக் கொடுத்து அவருடைய கோரைப்பல்லைக் காட்டினேன். பல் நுனிக்கும் தட்டுக்கும் நடுவே பிறை மாதிரி ஓர் இடைவெளி. சாயங்காலம் கழற்றி வைத்தவர் படுக்கப்போகும்போதுதான் மாட்டியிருக்கிறார். தட்டு முன்னே போய்விட்டது, பல் பின்னாலேயே நின்றுவிட்டது. 9-வது தட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாக இருந்தது. அதிலும் கோரைப்பல்லின் வேர் நீளம்; திரும்பி நிற்கும் கோரைப்பல்லை அலைனரால் நேராக்குவது சிரமம். பிடிமானத்துக்காகப் பல்லின்மேல் பல் நிறத்திலேயே சிறு மொட்டுகள் ஒட்டுவோம். உற்றுப் பார்த்தால் அவை தெரியும்.

கம்பியை நீங்கள் மறந்தாலும் அது வேலை செய்யும். நிக்கல் டைட்டானியம் கம்பியை எப்படி வளைத்துக் கட்டினாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பில்தான் பல் வரிசைக்கு வருகிறது. கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் சிறு துண்டுதான் பிராக்கெட்; உலோகம் பளிச்சென்று தெரிவது பிடிக்கவில்லையென்றால் செராமிக் பிராக்கெட் இருக்கிறது. பல்லின் உட்பக்கம் ஒட்டுவதும் உண்டு, ஆனால் கொஞ்ச நாளைக்கு நாக்கில் உரசும், பேச்சு குழறும். எதுவானாலும் பிராக்கெட்டைச் சுற்றி நன்றாகத் துலக்க வேண்டும். இல்லாவிட்டால் கழற்றும்போது பல் நேராக இருக்கும். எனாமலில் சுண்ணாம்பு வெள்ளையில் திட்டுகள் இருக்கும். அவை லேசில் போவதில்லை.

சரி, ரீடெய்னருக்கு வருகிறேன். உங்கள் பல் பழையபடி ஆனது அதைப் போடாமல் விட்டதால்தான், முன்பு செய்த சிகிச்சை தப்பு என்று சொல்ல முடியாது. நகர்த்திய பல்லை ஈறின் நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கும். அது போக, வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருக்கிக்கொள்வது கிளிப்பே போடாதவர்களுக்கும் நடப்பதுதான். இந்த முறை கீழ்ப்பற்களின் உட்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டிவிடும்படி கேளுங்கள். இரவில் போட ஒரு ரீடெய்னரும் வாங்கிக்கொள்ளுங்கள். அதை எப்போதும் டப்பாவிலேயே வையுங்கள். டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வைத்த ரீடெய்னர்தான் குப்பைக்குப் போகிறது.

கேள்வி: மகளுக்கு 8 வயது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. இப்போதே கிளிப் போட வேண்டுமா?

பதில்: அந்த இடைவெளிக்காக மட்டும் என்றால் பொறுத்திருங்கள். 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். ஆனாலும் இந்த வயதில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. வாயை மூடும்போது மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போகின்றனவா, குழந்தை இன்னும் விரல் சூப்புகிறாளா என்று கவனியுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் இந்த மாதமே அழைத்துப்போங்கள்.