எந்த ட்ரைலஜியில் தொடங்கலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மூன்று பாக நாவல் எதையும் நான் இதுவரை படித்ததில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: நகீப் மஹ்ஃபூஸின் கெய்ரோ ட்ரைலஜி. 1956, 57இல் வெளிவந்த மூன்று நாவல்கள். மூன்றுக்கும் கெய்ரோவின் இடப்பெயர்கள்தான் தலைப்பு. 1917இல் தொடங்கி 1944 வரை ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை.

முதல் பாகம் நள்ளிரவில் ஆரம்பிக்கிறது. கணவர் கேளிக்கை முடிந்து திரும்பி வருவதற்காக அமீனா கண்விழித்துக் காத்திருக்கிறாள். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய அனுமதி இல்லாமல் அவள் வாசல்படி தாண்ட முடியாது. மூன்றாம் பாகத்துக்கு வரும்போது அந்த மனிதர் நோயாளியாக வீட்டோடு முடங்கிக் கிடக்கிறார். அமீனா வெளியே தொழப் போய்வருகிறாள். இப்போது வீட்டில் இருந்து காத்திருப்பது அவர்! அந்த இடத்தைப் படித்ததும் எழுந்து போய் முதல் பாகத்தை எடுத்து, அதன் முதல் அத்தியாயத்தை மறுபடி படித்தேன். அதே வரிகள் வேறு மாதிரி கேட்டன. ஒரு ட்ரைலஜி நல்லதா என்று பார்க்க அன்றிலிருந்து எனக்கு இதுதான் அளவுகோல்: மூன்றாவதை முடித்தவன் முதலாவதைத் தேடிப் போகிறானா?

கேள்வி: 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' உங்கள் பட்டியலில் இல்லையா?

பதில்: பிடித்த புத்தகம்தான். ஆனால் டோல்கீன் அதை ஒரே நாவலாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்தைய காலத்தில் காகிதம் விலை கூடியிருந்ததால் பதிப்பாளர்கள் 1954, 55இல் மூன்றாகப் பிரித்து வெளியிட்டார்கள். அதனால் ஒவ்வொரு பாகத்திலும் தனியாக ஒரு முடிவை எதிர்பார்க்காதீர்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: வெளிவந்த வரிசையில் படிப்பதா, கதை நடக்கும் கால வரிசையில் படிப்பதா?

பதில்: வெளிவந்த வரிசையில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சினுவா அச்செபேயின் மூன்று நாவல்களைப் பாருங்கள். 1958இல் வந்த முதல் நாவல் தமிழில் 'சிதைவுகள்' என்ற பெயரில் கிடைக்கிறது. ஒகொன்க்வோ என்ற வீரன், நைஜீரியாவில் இக்போ இன மக்கள் வாழும் அவனுடைய கிராமம், அங்கே வந்து சேரும் வெள்ளையர் ஆட்சி. 1960இல் வந்த இரண்டாவது நாவல் அவனுடைய பேரனைப் பற்றியது. இங்கிலாந்தில் படித்துவிட்டு அரசு வேலைக்கு வந்த அந்தப் பையன் லஞ்ச வழக்கில் கூண்டில் நிற்பதோடு கதை தொடங்குகிறது. 1964இல் வந்த மூன்றாவது நாவலோ காலத்தில் பின்னோக்கிப் போய், 1920களில் வாழ்ந்த ஒரு பூசாரியின் கதையைச் சொல்கிறது.

கால வரிசைப்படி படித்தால் பூசாரி நடுவில் வந்துவிடுவார். அப்போது தாத்தாவின் ஊரிலிருந்து பேரனின் நீதிமன்றத்துக்கு நேராகத் தாவும் அந்த அதிர்ச்சி நமக்குக் கிடைக்காது. இடையில் என்னதான் நடந்தது என்ற கேள்வியோடு மூன்றாவதைத் திறக்க வேண்டும். அந்தக் கேள்விக்காகவே அதைக் கடைசியாகப் படியுங்கள் என்கிறேன்.

கேள்வி: தமிழிலேயே எழுதப்பட்டது ஏதாவது?

பதில்: பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010). முடிவில் கணவன் காளியும் மனைவி பொன்னாவும் ஒரு முடிச்சில் நிற்கிறார்கள். காளி இறந்துவிட்டால் என்ன ஆகும் என்று 'ஆலவாயன்' போகிறது. இறக்காவிட்டால் என்ன ஆகும் என்று 'அர்த்தநாரி' போகிறது. ஒரே கதையிலிருந்து இரண்டு கிளைகள். எதை முதலில் படித்தாலும் சரி. நான் 'ஆலவாயன்' படித்துவிட்டு 'அர்த்தநாரி'க்குப் போனேன். காளி உயிரோடு நடமாடும் ஒவ்வொரு பக்கத்திலும் அவன் இல்லாத அந்த இன்னொரு வீடு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

கேள்வி: இரண்டாவது பாகத்தின் நடுவில் நின்றுவிட்டேன். விட்டுவிடலாமா?

பதில்: விடலாம், தப்பில்லை. இரண்டாவது பாகம்தான் ஆசிரியருக்கும் கஷ்டமான இடம்: தொடக்கத்தின் புதுமையும் கிடையாது, முடிவின் வேகமும் கிடையாது. அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' (1951 முதல் 53 வரை) இதைச் சமாளித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கூட்டமாக மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைக் கணக்குப் போட்டு எதிர்காலத்தைச் சொல்ல முடியும் என்பது முதல் பாகத்தின் அடிப்படை. அந்தக் கணக்கில் வராத ஒரு தனி மனிதனை இரண்டாம் பாகத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். நீங்கள் படிக்கும் நாவலில் அப்படி எதுவும் இன்னும் வரவில்லை என்றால், ஐம்பது பக்கம் கூடப் பாருங்கள். அப்புறம் மூடிவிடுங்கள்.

கேள்வி: நேரம் குறைவு. சின்னதாக ஒன்று?

பதில்: அகோதா கிறிஸ்டோஃப். ஹங்கேரியில் பிறந்து, 1956இல் அங்கிருந்து தப்பி சுவிட்சர்லாந்துக்குப் போனவர். புதிதாகக் கற்ற பிரெஞ்சு மொழியில் 1986, 1988, 1991இல் மூன்று ஒல்லியான நாவல்கள் எழுதினார். போர்க்காலத்தில் பாட்டி வீட்டில் விடப்பட்ட இரட்டையர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். உண்மையை மட்டுமே எழுதுவது, உணர்ச்சியைச் சொல்லும் வார்த்தை கூடாது என்று தங்களுக்கே விதி வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த இரண்டு பாகங்களும் அந்த நோட்டையே சந்தேகிக்க வைக்கும். கொடூரமான காட்சிகள் உண்டு. சிறுவர்களுக்குத் தர வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு?

பதில்: உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' முதல் மூன்று (1968 முதல் 72 வரை). கர்வத்தால் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிட்டு அதனிடமிருந்து ஓடும் மந்திரவாதிப் பையன் கதை. நீங்களும் கூடவே படியுங்கள்.

கேள்வி: சமீபத்தில் அப்பா தவறிவிட்டார். எதிலும் மனம் நிற்கவில்லை. படிக்க ஏதாவது சொல்ல முடியுமா?

பதில்: இப்போது மூன்று பாகம் எதையும் முடித்தே ஆக வேண்டும் என்று எடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு நாலு பக்கம் போதும். கொஞ்ச நாள் போன பிறகு, மனம் இடம் கொடுத்தால், கார்க்கியின் சுயசரிதை மூன்று பாகங்களில் முதலாவதைப் பாருங்கள், அவருடைய குழந்தைப் பருவம். தந்தையின் உடலருகே நிற்கும் சிறுவனோடுதான் அது தொடங்குகிறது, அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சிறுவனுக்கு ஒரு பாட்டி வருகிறாள். கதை சொல்லிச் சொல்லியே அவனைத் தேற்றிக் கொண்டுவருகிறாள். எனக்கு மிக மோசமான ஒரு வருடத்தில் அந்தப் பாட்டி துணையாக இருந்தாள். அந்த ஒரு பாகத்தோடு நிறுத்திக்கொண்டாலும் போதும்.

கேள்வி: பெயர்கள் குழம்புகின்றன. அடுத்த பாகத்தை எடுப்பதற்குள் முந்தையது மறந்துவிடுகிறது.

பதில்: பக்க அடையாளத்துக்கு வைக்கும் அட்டையிலேயே குடும்ப மரம் வரைந்துகொள்ளுங்கள். பெயர் வரும்போது மட்டும் ஒரு கோடு சேர்த்தால் போதும். பாகத்தை முடித்த அன்றே யார் எங்கே நிற்கிறார்கள் என்று அரைப் பக்கம் எழுதி அதன் கடைசித் தாளுக்குள் செருகி வையுங்கள். அடுத்ததைத் திறப்பதற்கு முன் அந்த அரைப் பக்கத்தையும் முந்தைய பாகத்தின் கடைசி அத்தியாயத்தையும் படித்தால், ஆறு மாதம் கழித்துக்கூடத் தொடரலாம்.