சின்னப் பிள்ளையின் மனத்தைரியம்: கேள்வி பதில்

மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் பற்றி மட்டும் கேளுங்கள். பாடசாலை அனுமதி, புலமைப்பரிசில் வகுப்பு விஷயங்கள் இங்கே வேண்டாம்.

மஸ்கெலியா, தாய்: மிஸ், நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறதுக்கு முன்னால மகளைப் பிள்ளைக் காம்பராவுல, தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்துல, விடுறேன். மூணு வயசு. காலைக் கட்டிக்கிட்டு அழுவுறா. அவ விளையாடுற நேரம் பார்த்து மெதுவா போயிடுங்கனு ஆயம்மா சொல்றாங்க. செய்யலாமா?

செய்யாதீர்கள் தங்கச்சி. நழுவிப் போனால் அன்றைய அழுகைதான் குறையும். அம்மா எந்த நேரமும் காணாமல் போவாள் என்று பிள்ளை படித்துக்கொள்ளும். பிறகு விளையாட்டை விட்டுவிட்டு வாசலையே பார்த்திருக்கும், வீட்டிலும் உங்கள் முந்தானையை விடாது.

முதல்நாள் இரவே சொல்லிவையுங்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, ஓடும் அவசரத்தில் விடாமல், பத்து நிமிடம் முந்தி வாருங்கள். குனிந்து, முகம் பார்த்து, ஒரே பேச்சு: "அம்மா மலைக்குப் போறேன். நீ சாப்பிட்டுத் தூங்கி எழும்பினதும் வருவேன்." மணி சொல்லிப் பயனில்லை, சாப்பாடும் தூக்கமும்தான் அந்த வயதுக்குக் கடிகாரம். பிள்ளையைத் தரையில் இறக்கிவிடாமல் ஆயம்மாவின் கையில் கொடுங்கள். உங்கள் பழைய துவாய் ஒன்றும் கூட இருக்கட்டும். அழுகை கேட்டுத் திரும்பி வரவேண்டாம், அது இரண்டாவது பிரிவாகிவிடும். கொழுந்து நிறுக்கச் சுணங்கும் நாளென்றால் அதையும் காலையிலேயே சொல்லுங்கள். படிய இரண்டு மூன்று வாரம் எடுக்கலாம். நடுவில் காய்ச்சலோ நீண்ட லீவோ வந்தால் பழையபடி அழுவாள். அப்போதும் இதே முறைதான்.

பண்டாரவளை, தந்தை: மகனுக்கு அஞ்சு வயசு. எதைச் செய்தாலும் 'கெட்டிக்காரன்'னு பாராட்டுறோம். ஆனா படப்புதிர் கொஞ்சம் கஷ்டமா இருந்தா தூக்கி வீசுறான்.

அந்தப் பாராட்டே காரணமாக இருக்கலாம். அமெரிக்காவில் க்ளோடியா மியூலரும் கரோல் ட்வெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை 'புத்திசாலி' என்றும் சிலரை 'நன்றாக முயன்றாய்' என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் தோற்றபோது, 'புத்திசாலி'கள்தான் சீக்கிரம் சலித்துக் கைவிட்டார்கள். கெட்டிக்காரன் என்ற பெயர் கிடைத்தவனுக்குத் தோல்வி என்றால் அந்தப் பெயர் போகும் பயம். உங்கள் மகன் சின்னவன்தான், ஆனால் வீசுவது அந்தப் பயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: "மூலைத் துண்டை முதல்ல தேடினாய்", "பொருந்தலன்னதும் திருப்பிப் பார்த்தாய்." 24 துண்டுப் புதிரில் 20ஐ நீங்கள் அடுக்கி, கடைசி 4ஐ அவனுக்கு விடுங்கள். அடுத்த முறை 6, பிறகு 10. முடித்துவைக்கும் கை எப்போதும் அவனுடையதாக இருக்கவேண்டும்.

தலவாக்கலை, தாத்தா: எங்க காலத்துல யாரு பாராட்டினா? புகழ்ந்தா கண்ணுபடும். அடியாத மாடு படியாது.

கண்ணேறுக்குப் பொட்டு வையுங்கள் ஐயா, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடிதான் ஆகாது. அடி வாங்கிய பிள்ளை அந்த நேரம் நிறுத்தும்; பதிலாக என்ன செய்வது என்பதை அடி சொல்லித்தராது. பாடசாலையில் அடிப்பதைக் கல்வி அமைச்சு 2005/17 சுற்றறிக்கையிலேயே தடைசெய்துவிட்டது.

ஹட்டன், தாய்: தாத்தா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு மிஸ். இப்பத்தப் பிள்ளைங்க ஒரு பேச்சுத் தாங்குதுகளா?

தலவாக்கலை, தாத்தா: அப்படிக் கேளும்மா. பாராட்டில்லாம வளர்ந்த நாங்கெல்லாம் தைரியம் கெட்டவங்களா?

இல்லவே இல்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னரும் கூட்டாளிகளும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் என்று பல கஷ்டங்கள் சேர்ந்து இருந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றிலொருவர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் திரும்பத்திரும்பக் கண்டது, கைவிடாத ஒரு பெரியவர். பல வீடுகளில் அது தாத்தா, பாட்டி. இன்னொன்று, வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரு வேலை அந்தப் பிள்ளையின் பொறுப்பில் இருந்தது. உங்களுக்கும் கோழியோ தம்பியோ பொறுப்பில் இருந்திருக்கும்.

தலவாக்கலை, தாத்தா: ஆடு இருந்துச்சு. இப்ப பேரன் நாள் முழுக்க என் கூடத்தான் மரக்கறித் தோட்டத்துல கிடக்கான்.

அவனுக்கென்று ஒரு முழப் பாத்தி கொடுங்கள். பத்துப் போஞ்சி விதை, விரல்கணு ஆழம். அவன் மறந்த நாளில் நீங்கள் இரகசியமாகத் தண்ணீர் ஊற்றக்கூடாது.

நானுஓயா, தாய்: மகள் வீட்டுல வாயாடி, முன்பள்ளியில ஒரு வார்த்தை இல்லை. டொனிக் ஏதும் இருக்கா?

டொனிக் கிடையாது. சேர்ந்த முதல் மாதம் பொறுங்கள். அதன்பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்காவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி வைத்தியரிடம் காட்டுங்கள். "பேசு, பேசு" என்று எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம் என்று ஆசிரியையிடமும் சொல்லுங்கள்.

பதுளை, தந்தை: மகன் கூச்ச சுபாவம். என்ன செய்யலாம்?

நானுஓயாவுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

ஹப்புத்தளை, தாய்: விருந்தாளிங்க வந்தா மகன் பாட மாட்டேங்கிறான், கூச்சம்.

கூச்சம் பற்றி இது மூன்றாவது கேள்வி. பாடச் சொல்லாதீர்கள், முடிந்தது.

வெலிமடை, தாய்: நாலு வயசு மகளை இப்பவே புலமைப்பரிசில் வகுப்புக்கு...

மேலே முதல் வரி.

ஹட்டன், பாட்டி: மகள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போறா. பேத்திக்கு நாலு வயசு. அம்மா கடைக்குப் போயிருக்கானு சொல்லிச் சமாளிக்கவா?

வேண்டாம் அம்மா. மஸ்கெலியாத் தங்கச்சிக்குச் சொன்ன அதே நழுவல்தான் இது, நாட்கணக்கில் இல்லாமல் வருடக்கணக்கில். கடைக்குப் போன அம்மா வராவிட்டால், பிறகு நீங்கள் கடைக்குப் போனாலும் பிள்ளை பதறும். புறப்பட ஒன்றிரண்டு வாரம் முன்பே மகளே தன் வாயால் சொல்லட்டும்: எங்கே போகிறாள், ஏன், யார் உனக்குச் சோறு தருவார், யார் பக்கத்தில் படுப்பார். "நீ குழப்படி செய்ததால் இல்லை" என்பதையும் சொல்லவேண்டும். அந்த வயதுப் பிள்ளை பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்ளும். போன் கோல் எடுக்கக் கிழமையும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் என்று சொல்லித் தவறுவதைவிட ஞாயிறும் புதனும் தவறாமல் எடுப்பது மேல். "அடுத்த மாதம் வாறேன்" என்ற பொய் வேண்டாம். சில வாரம் படுக்கையில் சிறுநீர் போகலாம், சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கலாம். அதற்கு ஏச வேண்டாம்.

தலவாக்கலை, தாத்தா: மிஸ், விதை ஒண்ணு ரெண்டு முளைக்காது. பேரன் அழுதா?

இரண்டு பேருமாகத் தோண்டிப் பாருங்கள். அழுகியிருந்தால் தண்ணீர் கூடிவிட்டது, ஊன்றியபடியே காய்ந்து கிடந்தால் குறைந்துவிட்டது, விதையே இல்லாவிட்டால் எலியோ பறவையோ. எது என்று அவன் சொல்லட்டும், நீங்கள் முந்தாதீர்கள். மிச்ச விதையை எடுத்து வையுங்கள், கேட்பான்.