யோபுவிடம் கடவுள் ஏன் கேள்விகளாகவே கேட்கிறார்?

வேதாகமத்தின் யோபு நூலில், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து நொந்துபோன யோபுவுக்கு ஆறுதல் சொல்லாமல், "நான் பூமிக்கு அடித்தளமிட்டபோது நீ எங்கே இருந்தாய்?" என்று கடவுள் கேட்பது மிரட்டல்தானே என்கிறீர்கள்.

அந்தக் கேள்வி வரும் 38ஆம் அதிகாரத்திலேயே, கடலுக்குக் கதவும் தாழ்ப்பாளும் இட்டு, இம்மட்டும் வா, மிஞ்சாதே என்று கட்டளையிட்டது தாமே என்கிறார். 2004 மார்கழியில் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக் கரையில் சுனாமியாய்க் கடல் ஏறிவந்ததைக் கண்ட எங்களுக்கு அந்த வரி இன்னும் தொண்டையை அடைக்கும். "பிறகேன் விட்டீர்?" என்று நாங்களும் கேட்டோம். யோபு கேட்டதும் ஏறக்குறைய அதுதான்.

கடவுள் காரணம் எதுவும் சொல்லவில்லை. ஆளில்லாப் பாலையில் பெய்யும் மழையை, இரைக்குக் கத்தும் காக்கைக் குஞ்சுகளை, மலையாடு ஈனும் வேளையைக் காட்டுகிறார். மனிதக் கண் படாத இடத்திலும் அவருடைய கண் இருக்கிறது. எனக்கு இது மிரட்டலாகப் படவில்லை. யோபு வாயில் கையை வைத்து அடங்குகிறார்.

42ஆம் அதிகாரத்தில் கடவுளின் கோபம் விழுவது யோபுவின் நண்பர்கள்மேல். நீ செய்த பாவந்தான் உன்னை இப்படி ஆக்கியது என்று வாதாடியவர்கள் அவர்கள். செத்தவீட்டுக்கு வந்து காரணம் சொல்பவர்களைக் காணும்போது எனக்கு அவர்களின் நினைவுதான் வரும். அதே நண்பர்கள் முதலில் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள்.