மரத்தடியில் ஸ்பீடு கன்: 62 என்று சலான் வந்தால் கட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா?

கேள்வி: தக்கலையில் குடியிருக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. தினமும் ஸ்கூட்டரில்தான் போய்வருகிறேன். போன வாரம் காலையில் ஓர் இறக்கத்தில் வந்தபோது, மரத்துக்குப் பின்னால் நின்ற போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். 40-க்கு மேல் போகக்கூடாத இடத்தில் 62-ல் வந்தேனாம். கையிலிருந்த கருவியையும் காட்டினார். அங்கே வேக போர்டு எதையும் நான் பார்த்ததே இல்லை. கூடவே நாலைந்து வண்டிகள் வந்தன, அவற்றையெல்லாம் விட்டுவிட்டார்கள். 1000 ரூபாய்க்கு சலான் மொபைலில் வந்திருக்கிறது. ஒளிந்து நின்று பிடிப்பது சரியா? போர்டு இல்லாமல் கேஸ் போடலாமா? பணத்தைக் கட்டிவிடவா, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளவா?

பதில்: ஒளிந்து நின்றதை முதலில் விட்டுவிடுங்கள். போலீஸ்காரர் மரத்தடியில் நிற்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. எனக்கும் அது பிடிக்காத வேலைதான். பளிச்சென்று ரோட்டோரம் நின்றால் வருகிற வண்டியெல்லாம் தானாக வேகம் குறையும், ஒளிந்து நின்றால் சலான் எண்ணிக்கைதான் கூடும். ஆனால் இதை மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. அங்கே கேட்கப்போவது வேறு மூன்று விஷயம்: 40 என்ற வரம்பு எங்கிருந்து வந்தது, 62 என்று எப்படி அளந்தார்கள், அளந்தது உங்கள் வண்டியைத்தானா.

உங்கள் கேஸில் கனமான விஷயம் அந்த 40. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவில் இரண்டு விதமான வரம்புகள் இருக்கின்றன. ஒன்று, வண்டியின் ரகத்துக்கு ஏற்ப மத்திய அரசு நாடு முழுமைக்கும் அறிவிக்கிற உச்ச வேகம். இதற்கு ரோட்டில் போர்டு வேண்டியதில்லை, தெரியாது என்று சொல்லவும் முடியாது. இரண்டாவது, குறிப்பிட்ட ஒரு ரோட்டில், ஒரு பாலத்தில், ஒரு வளைவில் பாதுகாப்புக்காக மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அதிகாரியோ அதற்கும் கீழே குறைத்து வைக்கிற வரம்பு. இந்த இரண்டாவது வகைக்கு அரசிதழில் அறிவிக்கை வர வேண்டும், அந்த இடத்தில் போர்டும் வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகக் கட்டுப்பாடாக இருந்தால் மட்டும் அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை. ஸ்கூட்டருக்கு 40 என்பது பொது வரம்பு அல்ல, குறைத்து வைத்த வரம்பு. ஆகவே ‘போர்டு இல்லை’ என்று நீங்கள் சொல்வதில் சட்ட பலம் இருக்கிறது. இதையே சலானில் பொது வரம்பைத் தாண்டியதாக எழுதியிருந்தால் நானே ‘பேசாமல் கட்டிவிடுங்கள்’ என்றிருப்பேன்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வேகப் பட்டியல்களை நம்பி வாதாடப் போய்விடாதீர்கள். மத்திய அரசு 2018-இல் வேக வரம்பை உயர்த்தி வெளியிட்ட அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது. அந்தப் பழைய பட்டியல் இன்னமும் பார்வர்டு ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்து, போர்டு உண்மையிலேயே இல்லையா என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். தினமும் போகிற ரோட்டில் நம் கண் எதையும் பார்ப்பதில்லை. வரம்பைச் சொல்கிற போர்டு வட்டமாக, சிவப்பு விளிம்போடு, நடுவில் எண்ணோடு இருக்கும். ‘மெதுவாகச் செல்லவும்’, ‘விபத்துப் பகுதி’ என்று மஞ்சளில் எழுதி வைத்திருப்பதெல்லாம் எச்சரிக்கைதான், எண் இல்லாத போர்டு வேக வரம்பு ஆகாது. நம் மாவட்டத்தில் போர்டு இருந்தும் தெரியாமல் போவதற்குக் காரணம் பஞ்சமில்லை. பலா மரக் கிளை மறைத்திருக்கும். கோயில் கொடை விழாவுக்குக் கட்டிய பிளக்ஸ், விழா முடிந்து ஒரு மாதமாகியும் அதன் மேலேயே தொங்கும். நீங்கள் குறுக்கு ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் ஏறுகிறவர் என்றால், போர்டு அந்த முக்குக்கு முன்னாலேயே இருந்திருக்கலாம். வீட்டிலிருந்து சோதனை நடந்த இடம் வரை நீங்கள் வருகிற திசையிலேயே மொபைலில் வீடியோ எடுங்கள், தேதியும் நேரமும் பதிவாகட்டும். ஓட்டிக்கொண்டே எடுக்காதீர்கள், பின்னால் ஒருவரை உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் அதற்கு ஒரு சலான் வரும்.

இன்னொரு போர்டும் உண்டு, பலருக்கும் தெரியாதது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167ஏ என்று ஒரு விதி சேர்த்தார்கள். கேமராவோ ஸ்பீடு கன்னோ வைத்துக் கண்காணிக்கிற பகுதி தொடங்கும் முன்பே ‘இங்கே கண்காணிப்பு நடக்கிறது’ என்று ஓட்டுநர் கண்ணில் படும்படி அறிவிப்பு வைக்க வேண்டும் என்கிறது அது. கருவிக்கு மாநில அரசு நியமித்த அமைப்பின் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சலானோடு நம்பர் பிளேட் தெரிகிற படம், கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், மீறிய பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்று எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். நிறுத்தாமலே படம் பிடித்து அனுப்புகிற கேஸாக இருந்தால் 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். ஆள் மரத்தடியில் நிற்கலாம், அறிவிப்பு மரத்தடியில் மறைந்திருக்கக் கூடாது. உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் சரியான பதில்.

இப்போது 62. ஏட்டையா கண்ணால் பார்த்து ‘நீ வேகமா வந்தே’ என்று சொன்னதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது, கருவியால் அளந்திருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவே சொல்கிறது. கையில் பிடித்துச் சுடுகிற லேசர் கருவி, ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான ஒளித்துடிப்புகளை உங்கள் வண்டி மீது அனுப்பி, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறது. தூரம் குறைகிற வேகம்தான் உங்கள் வேகம். ரோட்டின் ஓரத்தில் சாய்வாக நின்று அளந்தால் எண் கூடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. நின்ற இடத்திலிருந்து 20 டிகிரி கோணத்தில் அளந்தால் 66-ல் வருகிற வண்டி 62 என்றுதான் காட்டும். ஓரத்தில் நின்றதால் லாபம் உங்களுக்கே.

தவறு வருகிற இடம் வேறு. லேசர் கதிர் போகப் போக விரியும். பக்கத்தில் ஊசி மாதிரி இருப்பது 300 மீட்டர் தள்ளி ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமாகிவிடும். நாலைந்து வண்டி ஒட்டி வரும்போது, சின்ன ஸ்கூட்டரைக் குறி வைத்தாலும் பக்கத்தில் முந்துகிற டெம்போவின் அகலமான முகப்பிலிருந்து பதில் வந்துவிடலாம். பழைய ரேடார் வகையில் கதிர் இதைவிடப் பரந்தது, இந்தக் குழப்பமும் அதிகம்.

அதனால் சலானில் உள்ள படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஓரத்தில் வேகமும் தூரமும் அச்சாகியிருக்கும், நடுவில் ஒரு பிளஸ் குறி இருக்கும். குறி உங்கள் ஸ்கூட்டரின் முகப்பிலோ நம்பர் பிளேட்டிலோ உட்கார்ந்திருந்தால், தூரமும் 100 மீட்டருக்குள் இருந்தால், எண்ணைப் பற்றி வாதாடுவது வீண். குறி இரண்டு வண்டிக்கு நடுவில் தொங்கினால் அந்தப் படமே உங்கள் சாட்சி. என்னிடம் வந்த ஒரு ரப்பர் வியாபாரியின் படத்தில் குறி முழுக்கப் பக்கத்து மீன் வண்டி மேல் இருந்தது, பைக் படத்தின் ஓரத்தில் பாதிதான் விழுந்திருந்தது. நோட்டீஸ் வந்து மூன்று வாரமாக அவர் அந்தப் படத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

‘என் மீட்டரில் 55 தான் காட்டியது’ என்று சொல்லாதீர்கள். வண்டியின் ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டாதபடிதான் தயாரிக்கிறார்கள், கொஞ்சம் கூட்டியே காட்டும். மற்ற வண்டிகளை விட்டுவிட்டார்கள் என்பதும் எடுபடாது. அவை எத்தனை நெருக்கமாக வந்தன என்பது மட்டும் மேலே சொன்ன குறி விஷயத்துக்கு உதவும்.

கட்டுவதா வேண்டாமா? கார், ஸ்கூட்டர் போன்ற இலகுரக வண்டிக்கு 183-இல் சொல்லப்பட்ட அபராதம் 1000 முதல் 2000 ரூபாய், நடுத்தர, கனரக வண்டிக்கு 2000 முதல் 4000. கட்டிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது, பிறகு ‘நான் தப்பு செய்யவில்லை’ என்று பேச வழியில்லை. கோர்ட்டுக்குப் போனால் ஓரிரு நாள் கூலி போகும், வக்கீல் வைத்தால் 1000 எங்கே நிற்கும்? ஆனால் இரண்டாம் தடவை இதே குற்றம் என்றால் லைசென்ஸையே பிடித்து வைக்கலாம். தினமும் அதே ரோட்டில் ஓட்டி வயிறு கழுவுகிறவருக்கு முதல் சலான் என்பது வெறும் 1000 ரூபாய் அல்ல. நீங்கள் அந்த வகை.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் எண்ணைப் போட்டு, படத்தையும் மீறலின் விவரத்தையும் இன்றைக்கே இறக்கி வைப்பேன். அதே தளத்தில் உள்ள புகார் பகுதியில், போர்டு இல்லாத வீடியோவிலிருந்து இரண்டு படத்தை இணைத்து நாலு வரியில் எழுதுவேன். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுவேன். அந்த இடத்தில் 40 என்று வரம்பு வைத்த அறிவிக்கையின் எண்ணும் தேதியும், சோதனை நடந்த தேதியில் செல்லுபடியான ஒப்புதல் சான்றிதழின் நகல், கண்காணிப்பு அறிவிப்புப் பலகை வைத்த இடம், இவ்வளவுதான் கேட்க வேண்டும். ‘ஏன் ஒளிந்து நின்றீர்கள்’ என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கத்தை அல்ல. 30 நாளில் பதில் வர வேண்டும். அறிவிக்கை இருக்கிறது, போர்டும் இருக்கிறது என்று பதில் வந்தால் சத்தமில்லாமல் கட்டிவிடுவேன். அறிவிக்கையைக் காட்ட முடியவில்லை என்றால், சலான் பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் போனாலும் இரணியல் கோர்ட்டுக்குப் போனாலும் அந்த ஒரு தாளோடு நானே போய் நிற்பேன், வக்கீல் தேவையில்லை.

ரோட்டில் நிறுத்தும்போது தர்க்கம் வேண்டாம். லைசென்ஸையும் ஆர்.சி.யையும் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டினால் போதும், அது செல்லும். கருவியின் திரையைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள், உங்களுக்குக் காட்டியது போலப் பெரும்பாலும் காட்டுவார்கள். சலான் எண் இல்லாமல் கையில் காசு கொடுக்காதீர்கள், தனிநபரின் ஜிபே எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். ‘உங்கள் வண்டிக்கு சலான்’ என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (மொபைலில் செயலியை ஏற்றுகிற கோப்பு) வந்தால் தொடவே வேண்டாம், திறந்தால் பேங்க் கணக்கு காலியாகும்.

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் பக்கம் போகிறவர் என்றால் கணக்கு வேறு. கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து 726 தானியங்கிக் கேமராக்கள் வேலை செய்கின்றன, பெரும்பாலானவை ஹெல்மெட்டையும் சீட் பெல்ட்டையும் பார்ப்பவை. அதே ஆண்டு ஜூலையில் அங்கே இருசக்கர வண்டியின் உச்ச வேகத்தை 70-லிருந்து 60-ஆகக் குறைத்தார்கள். டி.என். 75 நம்பர் என்று அந்தக் கேமரா விட்டுவிடாது. சலான் அதே பரிவாகன் தளத்தில்தான் ஏறும், மாதக் கணக்கில் பார்க்காமல் இருந்துவிட்டு வண்டியை விற்கப் போகும்போது தெரிந்து ஓடி வருகிறவர்கள் மார்த்தாண்டம் பக்கம் நிறைய.